பாஸ்தா ஒரு பக்கம், சோஸ் ஒரு பக்கம்: அறிகுறியைப் பார்த்துப் பழுது நீக்கும் முறை

இத்தாலியின் பலெர்மோ நகரின் உணவகக் குசினிகளில் பதினான்கு ஆண்டுகளாக நிற்கிறேன். கோப்பை கழுவுவதில் தொடங்கி, காய் வெட்டி, இப்போது பாஸ்தா அடுப்புக்கு வந்து சேர்ந்திருக்கிறேன். இதனால் உறவினர்களிடையே எனக்கு வைத்தியர் பட்டம் கிடைத்துவிட்டது. சனிக்கிழமை மாலையானால் பாரிஸிலிருந்து சித்தி, ரொறன்ரோவிலிருந்து மச்சாள், யாழ்ப்பாணத்திலிருந்து தங்கை என்று ஆளாளுக்குத் தட்டைப் படம் பிடித்து அனுப்புவார்கள். "சோஸ் சரிவரவில்லை, என்ன குறை?" என்பதுதான் கேள்வி. பெரும்பாலும் சோஸில் குறையே இருப்பதில்லை. அந்தச் சோஸுக்குப் பொருந்தாத பாஸ்தாவைப் போட்டிருப்பார்கள். பொருத்தமானதைப் போட்டவர்களோ இரண்டையும் சேர்த்துவைக்காமல் விட்டிருப்பார்கள்.

ஒரே பதிலைத் திரும்பத் திரும்ப எழுதி அலுத்துவிட்டதால் மொத்தமாக எழுதிவைக்கிறேன். உங்கள் தட்டில் தெரியும் அறிகுறிக்குரிய தலைப்புக்கு நேரே போங்கள். காசு செலவில்லாத காரணம் முதலில் வரும், பணப்பையைத் திறக்க வேண்டிய காரணம் கடைசியில் வரும்.

## எதற்கும் முன்பு

100 கிராம் பாஸ்தாவுக்கு ஒரு லீற்றர் தண்ணீர், 10 கிராம் உப்பு. தண்ணீர் நன்றாகக் கொதித்த பிறகுதான் பாஸ்தா உள்ளே போக வேண்டும். பொதியில் போட்டிருக்கும் நேரத்துக்கு இரண்டு நிமிடம் முன்பே எடுத்துவிடுங்கள். எடுப்பதற்கு முன் ஒரு கோப்பை கொதிநீரைத் தனியே வையுங்கள். மிச்ச இரண்டு நிமிடமும் பாஸ்தா சோஸ் இருக்கும் தாச்சியில் வேக வேண்டும். அங்கே குலுக்கிப் புரட்டி இரண்டையும் ஒன்றாக்கும் வேலைக்கு மந்தெகாதூரா என்று பெயர்.

இவற்றில் எதையாவது செய்யவில்லையென்றால் மேலே படிக்க வேண்டாம். செய்துவிட்டு, அதற்குப் பிறகும் பழுது தெரிந்தால் வாருங்கள்.

## அறிகுறி: சோஸ் அடியில் தேங்குகிறது, பாஸ்தா வெறுமையாக நிற்கிறது

எனக்கு அதிகம் வரும் படம் இதுதான். தட்டை ஒரு பக்கம் சரித்துப் பாருங்கள். எது ஓடுகிறது என்பதைப் பொறுத்து வழி பிரிகிறது.

வெறும் தண்ணீர் ஓடினால்: பாஸ்தா வடியவில்லை, அல்லது சோஸ் வற்றவில்லை. தாச்சியின் அடியில் மரக்கரண்டியால் ஒரு கோடு இழுங்கள். கோடு இரண்டு விநாடி திறந்திருந்தால் சோஸ் தயார். உடனே மூடிக்கொண்டால் இன்னும் ஐந்து நிமிடம் அடுப்பில் இருக்கட்டும்.

சிவந்த எண்ணெய் பிரிந்து ஓடினால்: நம் கறியில் எண்ணெய் பிரிந்து மேலே நின்றால் பதம் வந்துவிட்டது என்று இறக்குவோம். இங்கே அதே காட்சி பழுது. சித்தி இதை ஒப்புக்கொள்ளவே மூன்று மாதம் பிடித்தது. எடுத்துவைத்த கொதிநீரில் ஒரு கரண்டி ஊற்றி, பெரிய தீயில் அரை நிமிடம் குலுக்குங்கள். அந்த நீரில் கரைந்திருக்கும் மாச்சத்து எண்ணெயையும் தண்ணீரையும் பிரியவிடாமல் பிடித்துக்கொள்ளும். கொதிநீரை ஏற்கெனவே கொட்டிவிட்டீர்கள் என்றால் அரைத் தேக்கரண்டி சோளமாவைக் கால் கோப்பைத் தண்ணீரில் கரைத்து ஊற்றலாம். அன்றைய இரவைச் சமாளிக்க அது போதும், வழக்கமாக்க வேண்டாம்.

சோஸ் கெட்டியாக இருந்தும் பாஸ்தாவில் ஏறவில்லையென்றால்: முதலில் இரண்டு கேள்விகள். கொதிக்கும் தண்ணீரில் எண்ணெய் விட்டீர்களா? வடித்த பிறகு பச்சைத் தண்ணீரில் அலசினீர்களா? இரண்டில் ஒன்றுக்கு "ஆம்" என்றால் காரணம் கிடைத்துவிட்டது. எண்ணெய் பூசிய பாஸ்தாவில் சோஸ் வழுக்கும். அலசிய பாஸ்தாவில் ஒட்டுவதற்கு மாச்சத்தே மிஞ்சாது.

இரண்டும் இல்லையென்றால் வடிவத்தைப் பாருங்கள். இடியப்பத்துக்குச் சொதி ஊற்றுகிறோம், அது நூலுக்குள் ஊறி இறங்குகிறது. அதே இடியப்பத்தின் மேல் கெட்டியான இறைச்சிப் பிரட்டலை வைத்தால் கையால் பிசைந்தால்தான் சேரும். முள்கரண்டியால் சாப்பிடுகிறவருக்கு அந்த வசதி இல்லை. கொத்திறைச்சி சோஸை ஸ்பகெத்தியில் போடும்போது நடப்பதும் இதுதான். மெல்லிய, உருண்ட, வழவழப்பான நூலில் இறைச்சித் துகள் நிற்க இடமில்லை. முள்கரண்டியில் நூல் மட்டும் சுற்றி ஏறுகிறது, இறைச்சி தட்டில் தங்கிவிடுகிறது.

அந்தச் சோஸின் சொந்த ஊரான பொலோஞாவில் அதற்குத் தாலியாத்தெல்லே என்ற முட்டை சேர்த்த நாடாவைத்தான் போடுவார்கள். நாடாவின் அகலத்தில்கூட விட்டுக்கொடுப்பதில்லை. வெந்த பிறகு 8 மில்லிமீற்றர் இருக்க வேண்டும் என்று 1972இல் அந்நகர வணிகச் சபையில் பதிவே செய்து, தங்கத்தில் ஒரு மாதிரியும் வைத்திருக்கிறார்கள். உங்கள் கடையில் தாலியாத்தெல்லே கிடைக்காவிட்டால் ரிகத்தோனி வாங்குங்கள். அதன் குழாய்க்குள் இறைச்சி புகுந்து உட்காரும், வெளியே இருக்கும் வரிகள் சோஸைப் பிடிக்கும். துஸ்கானியில் காட்டுப்பன்றி, முயல் இறைச்சிச் சோஸ்களுக்கு இன்னும் அகலமான பப்பார்தெல்லே போடுவதும் இதே காரணத்துக்காகத்தான். துண்டு பெரிதானால் நாடாவும் அகல வேண்டும்.

வடிவமும் சரிதான், இன்னும் ஒட்டவில்லையென்றால்: இப்போது பணம் செலவாகும். காய்ந்த பாஸ்தாவை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கண்ணாடிபோல் மினுங்கும் மஞ்சள் என்றால் டெஃப்லான் அச்சில் பிழிந்தது. மாவு பூசியதுபோல் மங்கலாக, தடவினால் சொரசொரப்பாக இருந்தால் வெண்கல அச்சில் பிழிந்தது. மர உரலில் பிழிந்த இடியப்பத்தையும் பிளாஸ்டிக் உரலில் பிழிந்ததையும் தொட்டுப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. வெண்கல அச்சு என்று பொதியில் எழுதியிருக்கும், விலையும் கூடுதலாக இருக்கும். தக்காளி, பூண்டு போன்ற எளிய சோஸ்களில் அந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

அதோடு சேர்மானப் பட்டியலையும் பாருங்கள். இத்தாலியில் காய்ந்த பாஸ்தாவைத் துரும் என்ற கடினக் கோதுமை ரவையில்தான் செய்ய வேண்டும் என்று 1967இல் சட்டம் வந்தது. வெளிநாடுகளில் சாதாரணக் கோதுமை மாவில் செய்தவையும் விற்பனைக்கு வருகின்றன. அவை சோஸில் இரண்டு நிமிடம் வெந்தாலே குழைந்துவிடும். 100 கிராமில் புரதம் 13 கிராமுக்கு மேல் என்று போட்டிருந்தால் தைரியமாக வாங்கலாம்.

## அறிகுறி: பாஸ்தா தீர்ந்த பிறகும் காய்த் துண்டுகள் தட்டில் மிஞ்சுகின்றன

கத்தி இருந்தால் போதும், காசு வேண்டாம். துண்டு பாஸ்தாவைவிடப் பெரிதாக இருக்கிறது, அவ்வளவுதான். கத்தானியா நகரின் நோர்மா என்ற பாஸ்தாவில் பொரித்த கத்தரிக்காய், தக்காளி, துருவிய ரிக்கோத்தா சலாத்தா என்ற உப்புச் சீஸ் மூன்றும் ஒரே வாயில் சேர வேண்டும். கத்தரிக்காயைப் பெருவிரல் நகத்தளவு வெட்டி ரிகத்தோனியோடு போட்டால் முள்கரண்டி இரண்டையும் ஒன்றாகக் குத்தும்.

பட்டாணி, கடலை போன்றவற்றை வெட்ட முடியாது. அதனால் கிண்ணம்போல் குழிந்த பாஸ்தாவுக்கு மாறுங்கள். சங்கு வடிவக் கொங்கிலியே பட்டாணியைத் தானாகவே அள்ளிக்கொள்ளும். கீரை வகைக்கு ஓரெக்கியெத்தே. "சின்னக் காது" என்று பொருள். புல்யா மாகாணத்தில் சீமே தி ராப்பா என்ற கசப்புக் கீரையை அதனோடுதான் வேகவைப்பார்கள், அதுவும் ஒரே பானையில். கீரை குழைந்து காதுக் குழிக்குள் ஒட்டிக்கொள்கிறது. அதே கீரையை ஸ்பகெத்தியோடு போட்டுப் பாருங்கள், தலைமுடியில் சிக்கிய இலைபோல் தொங்கும்.

## அறிகுறி: நீள பாஸ்தா ஒரே உருண்டையாக எழும்பி வருகிறது

மச்சாள் அனுப்பிய படம் ஒன்றில் முள்கரண்டியைத் தூக்கியதும் தட்டில் இருந்த முழுவதும் சேர்ந்து எழும்பியிருந்தது.

காத்திருந்ததுதான் முதல் காரணம். வடித்துவைத்துவிட்டு சோஸ் ஆகட்டும் என்று நின்றிருப்பீர்கள். சோஸ் பாஸ்தாவுக்காகக் காத்திருக்கலாம், பாஸ்தா காத்திருக்கக் கூடாது. ஒரு கரண்டி கொதிநீர் விட்டுக் கிளறினால் பாதியளவு மீளும்.

அடுத்தது, நூல் மிக மெல்லியதாக இருப்பது. கப்பெல்லீனி போன்ற முடிநூல்கள் இரண்டு மூன்று நிமிடத்தில் வெந்துவிடும். கிரீம், உருகிய சீஸ் போன்ற பாரமான சோஸ் மேலே விழுந்ததும் அவை ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகும். அவற்றைத் தெளிந்த சூப்புக்கு ஒதுக்கிவிடுங்கள். கிரீம், வெண்ணெய்ச் சோஸ்களுக்கு ஃபெத்துச்சீனே போன்ற நாடா வேண்டும். நாடாவுக்கும் நாடாவுக்கும் இடையே சோஸ் படலமாக நிற்கும்.

ஸ்பகெத்தியைப் பாதியாக முறித்துப் போட்டால் உருண்டையாகாது என்று மச்சாள் ஒரு வழி கண்டுபிடித்தார். என் தலைமைச் சமையல்காரரிடம் சொன்னேன், அவர் பதில் சொல்லாமல் புகைபிடிக்க வெளியே போய்விட்டார்.

## அறிகுறி: சீஸ் நூல்நூலாக இழுபட்டுக் கட்டியாகிறது, அல்லது முட்டை பொரியலாகிறது

முதலாவது சீஸும் மிளகும் சேர்ந்த காச்சோ எ பெப்பேயின் நோய், இரண்டாவது முட்டையும் சீஸும் பன்றி இறைச்சியும் சேர்ந்த கர்போனாராவின் நோய். இரண்டும் ரோமாபுரி உணவு, இரண்டுக்கும் காரணம் சூடு. பெக்கொரீனோ என்ற செம்மறிப்பால் சீஸ் 65 டிகிரி வாக்கில் கட்டிதட்டத் தொடங்கும். முட்டை மஞ்சள் கருவும் அந்தச் சூட்டில்தான் தடிக்கும், 70ஐத் தாண்டினால் இறுகிவிடும். ஆகவே அடுப்பை அணையுங்கள். இந்த இரண்டுக்கு மட்டும் முதலில் சொன்னதுபோல் தாச்சியில் சேர்க்க வேண்டாம். ஒரு பாத்திரத்தில் சீஸையோ முட்டையையோ கலந்துவைத்து, சூடான பாஸ்தாவை அதற்குள் போட்டு, கொதிநீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கிளறுங்கள். கெட்டியாகவில்லையென்றால் பாஸ்தா வெந்த பானையின் ஆவியில் அந்தப் பாத்திரத்தைப் பிடியுங்கள். அடுப்புத் தீ அதன் அடியில் படவே கூடாது.

இப்படியும் சீஸ் திரிகிறதா? கொதிநீரில் மாச்சத்து போதவில்லை. இத்தாலிய இயற்பியலாளர்கள் சிலர் இதை ஆய்வுக்கூடத்தில் வைத்தே பார்த்தார்கள். சீஸ் எடையில் 2 முதல் 3 சதவீதம் மாச்சத்து இருந்தால் கட்டியாகாது என்று கண்டதற்காக 2025இல் அவர்களுக்கு, முதலில் சிரிக்கவைத்துப் பிறகு சிந்திக்கவைக்கும் ஆய்வுகளுக்குத் தரும் இக் நோபல் பரிசு கிடைத்தது. வீட்டுக் கணக்கில் 200 கிராம் சீஸுக்கு 5 கிராம் சோளமா. 50 மில்லிலீற்றர் தண்ணீரில் கரைத்துக் கூழாகக் காய்ச்சி, ஆறவைத்து, சீஸைச் சேர்த்து அடியுங்கள். ரோமாபுரிப் பாட்டிமாருக்குத் தெரியாமல் செய்யுங்கள்.

கடைசியாக வடிவம். காச்சோ எ பெப்பேக்குச் சதுர முனையுள்ள தொன்னரெல்லி, இல்லாவிட்டால் தடித்த ஸ்பகெத்தி. கர்போனாராவுக்கு ஸ்பகெத்தியும் போடலாம், ரிகத்தோனியும் போடலாம். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு நான் ரிகத்தோனியையே சொல்வேன். வறுத்த பன்றிக் கன்ன இறைச்சித் துண்டுகள் குழாய்க்குள் போய் ஒளிந்துகொள்ளும், கிளறுவதும் சுலபம்.

## அறிகுறி: பெஸ்தோ கறுத்துவிட்டது

அடுப்பில் வைத்திருக்கிறீர்கள். பெஸ்தோ என்பது பசில் இலையை எண்ணெயோடு அரைத்த பச்சைச் சோஸ், அதைச் சூடாக்கக் கூடாது. பாஸ்தாவின் சூடே அதற்குப் போதும். இரண்டு கரண்டி கொதிநீரில் தளர்த்தி, பாத்திரத்தில் கலந்து பரிமாறுங்கள். ஜெனோவா பக்கத்தில் முறுக்கிய சிறு துண்டான த்ரோஃபியேயும் தட்டையான த்ரெனெத்தேயும் இதற்குரியவை. அதே பானையில் உருளைக்கிழங்கும் பச்சை அவரையும் வேகவைத்துச் சேர்ப்பார்கள். கிழங்கு விடும் மாச்சத்தால் பெஸ்தோ இன்னும் நன்றாகப் பிடிக்கும். த்ரோஃபியே கிடைக்காத ஊரில் திருகுபோல் முறுக்கிய ஃபுசில்லி போடுங்கள், குறைசொல்ல மாட்டேன்.

## அறிகுறி: மீன் சோஸ் பாரமாக இருக்கிறது

சீஸ் தூவினீர்களா? இங்கே மீன் பாஸ்தாவில் சீஸ் தூவுவது வழக்கமில்லை. அதற்குப் பதில் பாண் தூளை ஒலிவ் எண்ணெயில் பொன்னிறமாக வறுத்துத் தூவுவார்கள். பலெர்மோவின் புகழ்பெற்ற மத்தி மீன் பாஸ்தாவில் காட்டுப் பெருஞ்சீரகக் கீரை, நெத்தலி, உலர் திராட்சை, பைன் கொட்டை, குங்குமப்பூ எல்லாம் இருக்கும். போடுவது புக்காத்தீனி, அதாவது நடுவில் துளையுள்ள தடித்த நூல். மீனும் கீரையும் குழைந்த பாரமான சோஸை மெல்லிய நூல் தாங்காது.

மட்டிச் சோஸ் நேர் எதிர். நீர்த்தது, இலேசானது. அதற்கு ஸ்பகெத்தி அல்லது தட்டையான நூலான லிங்குயீனே. குழாய்ப் பாஸ்தா போட்டால் மட்டி ஒரு பக்கம், குழாய் ஒரு பக்கம். வெந்தும் வாய் திறக்காத மட்டியை எறிந்துவிடுங்கள். கத்தியால் நெம்பித் திறக்க வேண்டாம்.

## அறிகுறி: ஒரு பகுதி குழைகிறது, ஒரு பகுதி பச்சையாக இருக்கிறது

வண்ணத்துப்பூச்சி வடிவ ஃபர்ஃபாலேயில் இது பிறவிக்குணம். நடுவில் மாவு மடிந்து தடித்திருக்கிறது, சிறகு மெல்லியது. சோஸில் நேரங்கூட வேகவைத்தால் நடு வெந்துவிடும், சிறகு கிழியும். அதை இலேசான சோஸ்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஃபர்ஃபாலே இல்லையென்றால் அரைப் பொதி, கால் பொதி என்று மிச்சங்களை ஒன்றாகக் கொட்டியிருப்பீர்கள். நேப்பிள்ஸில் கலப்புப் பாஸ்தா என்றே ஒன்று உண்டு. அங்கே அது உருளைக்கிழங்கோடும் பருப்பு வகைகளோடும் குழம்பாக வேகும், சீரில்லாமல் வேகுவதுதான் அதன் சுவை. உங்கள் தக்காளி சோஸில் அது எடுபடாது.

## அறிகுறி: போறணையில் வைத்தால் களியாகிறது, அல்லது காய்ந்து போகிறது

களியானால் பாஸ்தாவை முழுதாக வேகவைத்துவிட்டு உள்ளே வைத்திருக்கிறீர்கள். பொதியில் உள்ள நேரத்தில் பாதியே பானையில் வேகட்டும், மீதி போறணையில். காய்ந்து போனால் சோஸ் போதவில்லை. தட்டில் பரிமாறுவதைவிட நல்ல தளதளப்பாக இருக்கும்போதே உள்ளே போக வேண்டும்.

பலெர்மோவில் ஞாயிற்றுக்கிழமைக்கு அனெல்லெத்தி, அதாவது சின்னச் சின்ன வளையங்கள். இறைச்சிச் சோஸும் பட்டாணியும் வளையங்களுக்குள் அடைந்து இறுகுவதால் வெட்டினால் கேக் துண்டுபோல் நிற்கும். வெட்டுமுன் கால் மணி நேரம் ஆறவிடுங்கள். என் முதல் அனெல்லெத்தி தட்டில் சரிந்து விழுந்ததற்கு அவசரம் மட்டுமே காரணம்.

## அறிகுறி: சூப்பில் போட்ட பாஸ்தா ஊதி, சூப்பையே குடித்துவிட்டது

மறுநேரத்துக்கு வைத்தால் எந்தப் பாஸ்தாவும் குடிக்கும். சூப்பைத் தனியாகவும் பாஸ்தாவைத் தனியாகவும் வையுங்கள். அப்போதைக்கே பரிமாறினாலும் இப்படியென்றால் வடிவம் பெரிது. தித்தலீனி போன்ற கரண்டியில் அடங்கும் சிறு குழாய்களைப் போடுங்கள்.

மச்சாளுக்கு ஆறுதலான செய்தி இங்கேதான் இருக்கிறது. கோடைகாலத்தில் பலெர்மோவின் பல்லாரோ சந்தையில் தெனெரூமி என்று கட்டுக்கட்டாக ஒரு கீரை விற்கும். நீளச் சுரைக்காய்க் கொடியின் தளிர். முதன்முறை பார்த்தபோது எங்கள் வளவு வேலியில் படர்ந்த கொடியே கப்பலேறி வந்ததுபோல் இருந்தது. அதைத் தக்காளி, பூண்டோடு நீர்க்க வேகவைத்து, ஸ்பகெத்தியைக் கையால் முறித்துப் போடுவார்கள். முறிக்காமல் போட்டால் கரண்டியில் ஏறாது. என் தலைமைச் சமையல்காரர் இதை முறிக்கும்போது நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

## உங்களால் முடியாதது

பாஸ்தாவைப் போட்ட பிறகு தண்ணீர் மூன்று நான்கு நிமிடமாகியும் மறுபடி கொதிக்கவில்லையென்றால் வடிவத்தில் பிழை தேடாதீர்கள். சிறிய பானையில் அதிகம் போட்டீர்களா, மூடிவைத்தால் விரைவாகக் கொதிக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அதுவும் இல்லாமல், தீ நீலமாக எரியாமல் மஞ்சளாக எரிந்தால் அடுப்பை அணைத்துவிட்டு எரிவாயுத் தொழில்நுட்பரைக் கூப்பிடுங்கள். பர்னரை நீங்களே கழற்ற வேண்டாம். எரிவாயு மணந்தால் சன்னலைத் திறந்து, மின்விளக்கு ஆளியைத் தொடாமல் வெளியேறி, வெளியிலிருந்து அழையுங்கள்.

எந்த வடிவம், எந்தச் சோஸ் போட்டாலும் சாப்பிட்டபின் வயிறு ஊதி நோகிறது என்றால் அது மருத்துவரின் வேலை. கோதுமையை நீங்களாக நிறுத்திவிட்டுப் போகாதீர்கள். கோதுமைப் புரதம் குடலைப் பாதிக்கும் சீலியாக் நோய்க்கான இரத்தப் பரிசோதனை கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது செய்தால்தான் சரியாகக் காட்டும்.

பிறந்தநாளுக்கு நாற்பது பேர் என்றால் காச்சோ எ பெப்பே, கர்போனாரா இரண்டையும் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். இரண்டும் நான்கு தட்டுக்கு மேல் வீட்டு அடுப்பில் நிற்காது. உங்கள் ஊரில் பாஸ்தா செய்து விற்கும் நல்ல கடை இருந்தால் போறணைப் பாஸ்தாவாகச் சொல்லி எடுங்கள், தட்டோடு வரும், சூடாக்கினால் போதும். மூன்று நாள் முன்பே சொல்லிவிடுங்கள். சனிக்கிழமை மாலை படம் அனுப்பிக் கேட்டால் நான் அடுப்பில் நிற்பேன், பதில் இரவு பன்னிரண்டுக்குத்தான் வரும்.